திருத்திக் கூடம்

ஆலை வாசலில் ஒரு பலகை:
இதயத்தில் கருவி பொருத்தியவர்கள்
உள்ளே வரக்கூடாது.
மற்ற இதயங்களைப் பற்றி
அதில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆம்பியர்.
என் வீட்டு உருகி தாங்குவது பத்து.
இங்கே உள்ளங்கையில் காகிதக் கவ்வியை வைத்தால்
எழுந்து நிற்கும்,
பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி.
தவ்லத்அலியின் கைக்கடிகாரம்
போன ரமலானில் நாலு பத்துக்கு நின்றது.
இன்னும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.
வெறும் மணிக்கட்டு குளிருமாம்.

இத்தனை பெரிய ஓட்டத்தைத் தள்ளுவதோ
தொட்டிக்கு நாலு வோல்ட், சொச்சம்.
மூன்று டார்ச் செல்.
பெரிது என்பது வேறு,
தள்ளுகிறவன் பலம் வேறு, வேகம் வேறு.
பதினெட்டு வருடம் மீட்டர் பார்த்தவளுக்கு
இவ்வளவுதான் தெரியும்.

வேகமா?
ஆள் தடிமன் அலுமினியப் பட்டையில்
ஓர் எலெக்ட்ரான் எட்டு மணி நேர ஷிஃப்டில்
ஒரு முழம்கூடப் போகாது.
நான் பேருந்தேறி வீடு போய்
ரொட்டி சுட்டு, தூங்கி, திரும்பி வரும்போது
அங்கேயேதான் இருக்கும்,
கொஞ்சம் தள்ளி.
அம்புக்குறி போட்டவர்கள் வேறு
எதிர்ப்பக்கமாகப் போட்டுவிட்டார்கள்.
தெரிந்தபின்னும் யாரும் மாற்றவில்லை.
அம்பு இருந்தும் மின்னோட்டம் திசையிலி என்று
புத்தகம் சொல்லும்.
தேர்வில் அதைத் தப்பாக எழுதியவள் நான்.

வீட்டு மின்சாரம் வேறு மாதிரி.
நொடிக்கு ஐம்பது முறை
போகும், வரும், போகும், வரும்.
கூட்டிப் பார்த்தால் எங்கும் போகவில்லை.
ஆனாலும் விளக்கு எரியும்,
குளிர்காலத்தில் காலை மூன்று மணி நேரம்,
மாலை மூன்று மணி நேரம்.
மீதி ஆறு முழுக்க ஆலைக்கு.

ஷோதிபெக்கும் அப்படித்தான்.
நவ்ரூஸ் முடிந்த வாரம் மாஸ்கோ ரயில்.
மிதீஷ்சியில் பதினேழாவது மாடிக்குச் சாந்து சுமப்பான்.
முதல் பனி விழும்போது வருவான்,
ஒரு பை மிட்டாய், ஓர் இருமல்.
பதினோரு தடவை.
இடப்பெயர்ச்சி பூஜ்யம்.
சமையலறையில் வெளிச்சம் இருந்தது.

நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பெயர்
திருத்திக் கூடம்.
அணையிலிருந்து போய்ப்போய் வருகிற ஓட்டத்தை
ஒரே பக்கம் போகிற ஓட்டமாகத் திருத்துகிறோம்.
திருத்தம் என்பது இவ்வளவுதான்:
திரும்பி வர விடுவதில்லை.

நவம்பரில் ஒரு குறுஞ்செய்தி.
மூன்று சொல். சரியாகச் சொன்னால்
ஒரே சொல், மூன்று தடவை.
எண்மதிப்பு மூன்று.
திசை, அங்கிருந்து இங்கே.
அவனுடைய அக்கா வந்து
ரொட்டித் துணியை மடித்துக்கொண்டே
"கைபேசியில் சொன்னது செல்லாது" என்றாள்.
செல்லாதது எவ்வளவு தூரம்
வந்து சேர்ந்திருக்கிறது பார், என்றேன்.

அன்றைய இரவு ஷிஃப்டில்
பட்டைகளின் பக்கத்தில் நின்று
மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தேன்.
கவ்வி எழும் இடத்தில்
அது படுத்தே கிடந்தது.
பொன்னுக்குக் காந்தம் தெரியாது.

இரண்டே காலுக்கு
நாற்பத்தேழாம் தொட்டியில் விளக்கு எரிந்தது.
தொட்டிக்குச் சுகமில்லாவிட்டால் மட்டும்
எரிகிற விளக்கு.
நாலு வோல்ட் சட்டென்று முப்பதாகும்.
ஓட்டம் குறைந்ததே தெரியாது;
வரிசையில் நிற்கும் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு,
காய்ச்சல்காரிக்கும் அதே.
குர்பான் பச்சை பாப்லர் கழியைத் தூக்கி வந்து
கொதிக்கும் குழம்புக்குள் செருகினான்.
சீறியது. ஒரு கணம் மரத்தின் வாசனை.
விளக்கு அணைந்தது.
இங்கே அணைந்தால்தான் நலம்.

பதிவேட்டைத் திறந்தேன்.
மணி, அளவு, கையெழுத்து.
திசைக்குக் கட்டம் கிடையாது;
தலைப்பில் ஓர் அம்பை
அச்சகத்திலேயே போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.
நூற்றைம்பத்தொன்பது புள்ளி ஆறு என்று எழுதினேன்,
ஆயிரத்தில் கணக்கு.
பேனா முள்ளை ஏதோ
இடப்பக்கமாக இழுத்தது.
இழுக்கட்டும் என்று
கையெழுத்தையும் அந்தப் பக்கமே
சாய்த்துப் போட்டேன்.